ஆற அமர யோசிக்க ஓர் இடம்

முகாமின் மூன்றாம் நாள் சாயங்காலம். ஏரிக்கரையை ஒட்டிய பள்ளிக்கூட வராந்தாவில் ஐம்பது கல்லூரி மாணவர்கள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் அது. காலையிலிருந்து மண்வெட்டி பிடித்த களைப்பு எல்லோர் முகத்திலும் தெரிந்தது. ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயில் பாதிதான் தூர்வாரியிருந்தோம், மீதி மறுநாளைக்கு. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "நாளைக்கு வேலையை விட்டுட்டு டேமுக்குக் குளிக்கப் போயிரலாம்டா!"

விசில் பறந்தது. யாரோ சாப்பாட்டுத் தட்டைத் தட்டினார்கள். "கை தூக்குங்கடா" என்றான் ஒருவன். நாற்பதுக்கு மேற்பட்ட கைகள் உயர்ந்தன. எல்லாம் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதன் பிறகுதான் அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான்தான் திட்ட அலுவலர்.

"சார், மெஜாரிட்டி சார்."

"முடிவு உங்களுதுதான்ப்பா" என்றேன். "ஆனா இப்ப எடுக்க வேணாம். ராத்திரி சாப்பாடு முடிஞ்சு அரை மணி நேரம் கழிச்சு உக்காருவோம். அதுக்குள்ள அஞ்சஞ்சு பேரா பிரிஞ்சு, நாளைக்கு என்ன செய்யலாம்னு ஒரு தாள்ல எழுதிட்டு வாங்க. வேலை வேணாம்னா, ஊர்ப் பெரியவங்ககிட்ட யார் போய்ச் சொல்றதுன்னும் அதுலயே எழுதிடுங்க."

இரவு ஒன்பது மணிக்குப் பத்துத் தாள்கள் வந்தன. அவற்றில் எட்டில் ஏறக்குறைய ஒரே யோசனை இருந்தது. காலை ஆறு மணிக்கே இறங்கிப் பதினொன்றுக்குள் கால்வாயை முடித்துவிடுவது; மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அணையைப் பார்க்கப் போவது. ஒரு தாளில் மட்டும் கூடுதலாக ஒரு வரி: 'நீச்சல் தெரியாதவங்க பதினெட்டு பேர் இருக்கோம். யாரும் தண்ணியில இறங்க வேணாம்.' அந்தக் கணக்கை எடுக்கும்படி நான் யாரிடமும் சொல்லவில்லை.

அதே ஐம்பது பேர், அதே நாள். இடையில் கடந்தது மூன்று மணி நேரம். நான் ஒரு வார்த்தை அறிவுரை சொல்லவில்லை. சாயங்காலம் கை தூக்கியவர்களும் இரவில் எழுதிக்கொண்டு வந்தவர்களும் ஒரே ஆட்கள்தானா என்று அன்று எனக்குத் தோன்றியது. பல ஆண்டுகள் கழித்து, வளரிளம் பருவத்து மூளையைப் பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்தபோதுதான் அன்றைய இரவு எனக்குப் புரிந்தது.

நம் மொழியில் 'ஆற அமர யோசி' என்கிறோம். அவசரத்தில் செய்ததைச் 'சூட்டோடு சூடாக' முடித்துவிட்டான் என்கிறோம். உளவியலாளர்களும் ஏறக்குறைய இதே சொற்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். நேரம் இருக்கும்போது, மனம் அமைதியாக இருக்கும்போது, தனியாகவோ கலந்துபேசியோ எடுக்கும் முடிவுக்குக் குளிர்ந்த சிந்தனை என்று பெயர். உணர்ச்சி பொங்கும்போது, நண்பர்கள் சுற்றி நிற்கும்போது, நொடியில் எடுக்கும் முடிவுக்குச் சூடான சிந்தனை என்று பெயர். இந்த இரண்டும் ஒரே வயதில் முதிர்வதில்லை என்பதுதான் ஆய்வு சொல்லும் செய்தி.

கிரேஸ் ஐசனோகிள், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பெரிய அளவில் காட்டியது. 11 நாடுகள், அவற்றில் இந்தியாவும் ஒன்று. 10 முதல் 30 வயது வரையிலான 5,000க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். நினைவில் வைத்துக் கையாளுவது போன்ற அறிவுத் திறன்களில் 16 வயதுக்காரர்கள் ஏறக்குறைய பெரியவர்களின் அளவை எட்டிவிட்டார்கள். ஆனால் ஆசையை அடக்குவது, பின்விளைவை நினைப்பது, கூட்டத்தின் இழுப்புக்கு ஈடுகொடுப்பது போன்றவை 18 வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே போயின.

அதாவது, ஒரு பதினாறு வயதுப் பெண் பத்து நிமிடம் யோசித்து ஒரு தாளில் எழுதும் முடிவு, முப்பது வயதுக்காரர் எழுதும் முடிவுக்குப் பெரும்பாலும் சளைத்ததாக இருக்காது. அவளுடைய அறிவில் குறை கண்டு 'உனக்கு என்ன தெரியும்' என்று கேட்பதற்கு அறிவியலில் இடமில்லை. அதே பெண்ணையோ பையனையோ சுற்றிப் பத்து நண்பர்கள் நின்று கூச்சல் போடும்போது மட்டும் கதை மாறுகிறது.

எப்படி மாறுகிறது என்பதை மார்கோ கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் ஒரு கணினி விளையாட்டை வைத்துச் சோதித்தார்கள். திரையில் ஒரு கார் போகிறது. சிக்னல் மஞ்சளாகிறது. எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறாரோ அவ்வளவு புள்ளிகள்; சிவப்பு விழுந்த பிறகும் நிறுத்தவில்லை என்றால் மோதிச் சேர்த்த புள்ளிகள் போய்விடும். 306 பேர் விளையாடினார்கள். 13 முதல் 16 வயது வரை ஒரு குழு, 18 முதல் 22 வரை ஒரு குழு, 24க்கு மேல் ஒரு குழு. சிலர் தனியாக விளையாடினார்கள், சிலர் தங்கள் வயதுக்காரர்கள் இருவர் பக்கத்தில் இருக்க விளையாடினார்கள். இளையவர்களிடம் சக வயதினர் இருந்தபோது ஆபத்தை நாடும் போக்கு வெகுவாகக் கூடியது. 24க்கு மேற்பட்டவர்களிடம் பக்கத்தில் யார் இருந்தாலும் பெரிய மாற்றம் இல்லை.

பிற்பாடு 2011இல் ஜேசன் சைன் குழுவினர் இதே போன்ற விளையாட்டை எம்ஆர்ஐ கருவிக்குள் படுத்தபடி விளையாடச் செய்தார்கள். நண்பர்கள் அடுத்த அறையிலிருந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்ததுமே, பதின்வயதினரின் மூளையில் வெகுமதியை எதிர்நோக்கும் பகுதி கூடுதலாகச் சுறுசுறுப்படைந்தது. நண்பர்கள் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் இருப்பதே போதும்.

மூளைக்குள் நடப்பது இதுதான். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்புறணிதான் திட்டமிடும், நிதானிக்கும், 'சற்றுப் பொறு' என்று சொல்லும் பகுதி. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஜெய் கீட் குழுவினர் குழந்தைகளை ஏறக்குறைய இரண்டாண்டு இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் எம்ஆர்ஐ எடுத்து, 1999இல் ஒரு முக்கியமான படத்தைத் தந்தார்கள். மூளையின் முன்மடலில் உள்ள சாம்பல்நிறப் பொருள் வளரிளம் பருவத்தின் தொடக்கம்வரை கூடிக்கொண்டே போய், அதன் பிறகு மெல்லக் குறைகிறது. குறைகிறது என்றால் பாழாகிறது என்று பொருள் அல்ல. திராட்சைக் கொடிக்குக் கவாத்து செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். பயன்படாத கிளைகளை வெட்டினால்தான் பயன்படும் கிளைகள் காய்க்கும். அடிக்கடி பயன்படும் நரம்பிணைப்புகள் தங்குகின்றன, பயன்படாதவை கழிகின்றன. கூடவே நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை படிந்து, மூளையின் தொலைதூரப் பகுதிகளுக்கிடையே செய்தி வேகமாகப் போகத் தொடங்குகிறது. இந்த வேலை இருபதுகளின் நடுப்பகுதி வரைக்கும் நடக்கிறது. வெகுமதிப் பகுதியோ பருவமடையும் காலத்திலேயே வேகம் பிடித்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 'இருபத்தைந்து வயதில்தான் மூளை முழுமையடைகிறது, அதுவரை அவர்களிடம் எதையும் நம்பிக் கொடுக்க முடியாது' என்று இந்த ஆய்வுகளையே கையில் வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். பெற்றோர் கூட்டங்களில் இதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். இது தவறான வாசிப்பு. இருபத்தைந்தாம் பிறந்தநாளில் மூளைக்குள் எந்தக் கதவும் திறப்பதில்லை. வளர்ச்சி ஆளுக்கு ஆள், திறனுக்குத் திறன் வேறுபட்டுப் படிப்படியாக நடக்கிறது. அதைவிட முக்கியம், எந்த இணைப்பு தங்கும் எது கழியும் என்பதைப் பயன்பாடு தீர்மானிக்கிறது. முடிவெடுக்கும் பழக்கமே இல்லாமல் இருபத்தைந்தை எட்டியவருக்கு அந்தத் திறன் எங்கிருந்து வரும்? கொடியைப் பந்தலில் ஏறவே விடாமல் வைத்திருந்துவிட்டுக் காய்ப்பில்லை என்று குறை சொல்வது போன்றது இது.

அப்படியானால் பெரியவர்களின் வேலை என்ன? முடிவை அவர்களிடமிருந்து பிடுங்குவது அல்ல. அவர்களின் நல்ல சிந்தனை வேலை செய்வதற்குரிய சூழலை ஏற்படுத்தித் தருவது. நேரம், அமைதி, ஒரு தாள், பின்விளைவை நினைவூட்டும் ஒரு கேள்வி. அன்று சாயங்காலம் எனக்குத் தெரியாமலேயே நான் செய்தது அவ்வளவுதான்.

இதற்கு இன்னொரு சான்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. கரோல் சில்வா, சைன், ஸ்டைன்பெர்க் ஆகியோர் 2016இல் வெளியிட்டது. 18 முதல் 22 வயதுள்ள இளைஞர்களில் சிலரைத் தனியாகவும், சிலரைத் தங்கள் வயதுக்காரர் நால்வராகவும் சேர்த்துச் சோதித்தார்கள். நால்வராக இருந்தபோது வழக்கம்போல் துணிச்சல் ஏறியது. பிறகு ஒரு குழுவில் ஒரேயொரு மாற்றம் செய்தார்கள்: நால்வரில் ஒருவர் 25 முதல் 30 வயதுக்குள் இருப்பவர். அவ்வளவே. அந்தக் குழுவில் இருந்த இளைஞர்களின் முடிவுகள், தனியாகச் சோதிக்கப்பட்டவர்களின் நிதானமான முடிவுகளின் அளவுக்கு வந்துவிட்டன. அந்த மூத்தவர் அதிகாரியோ ஆசிரியரோ அல்ல. குழுவில் ஒருவராகக் கூட உட்கார்ந்திருந்தவர். நம் ஊர்க் கபடிக் குழுவில் ஓர் அண்ணன் இருப்பாரே, ஆட்டம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பையன்களோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பாரே, அவரைப் போல. இளைஞர் குழு ஒன்றை உருவாக்க நினைப்பவர்கள் முதலில் அப்படி ஓர் அண்ணனையோ அக்காவையோ தேடிப் பிடியுங்கள் என்பேன். ஐம்பது வயது ஆலோசகரைத் தேடுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சொல்லும் விதமும் இதே அளவுக்கு முக்கியம். டேவிட் யேகர், ரொனால்ட் டால், கேரல் டுவெக் ஆகியோர் விவரித்த ஒரு சோதனையில், பல்கலைக்கழக மாணவர்களிடம் வெஜிமைட் என்ற, ஈஸ்ட்டிலிருந்து செய்யும் உப்பும் கசப்புமான பசையை ஒரு கரண்டி, மருந்து சாப்பிடுவதுபோலச் சாப்பிடச் சொன்னார்கள். ஒரு பாதிப் பேரிடம் கட்டளைக் குரலில். மறு பாதிப் பேரிடம் காரணத்தை விளக்கி, 'உங்கள் விருப்பம்' என்று மரியாதையாக. மரியாதையாகக் கேட்கப்பட்டவர்கள்தான் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். பருவமடைந்த பிறகு மதிப்பு, அந்தஸ்து, மரியாதை ஆகியவற்றுக்கு மூளை அசாதாரணக் கூர்மையோடு செவிசாய்க்கிறது என்பது இவர்களின் வாதம். பத்து வயதுப் பிள்ளையிடம் பேசிய அதே குரலில் பதினேழு வயதுப் பிள்ளையிடம் பேசினால், சொல்லும் விஷயம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காதுக்குள் போகாது.

கொடுப்பதிலும் ஒரு நிறைவு இருக்கிறது. ஈவா டெல்சர், ஆண்ட்ரூ ஃபுலிக்னி ஆகியோரின் ஆய்வில், லத்தீன் அமெரிக்கப் பின்னணி கொண்ட இளைஞர்கள் தங்கள் கைப்பணத்தை இழந்து குடும்பத்துக்குக் கொடுத்தபோது அதே வெகுமதிப் பகுதி சுறுசுறுப்படைந்தது. விசிலுக்கும் வேகத்துக்கும் ஏங்கும் அதே மூளை, 'என்னால் வீட்டுக்கு, ஊருக்குப் பயன் உண்டு' என்ற உணர்வுக்கும் ஏங்குகிறது. வாரம் முழுக்கக் கைப்பேசியைக் கையிலிருந்து விடாத மாணவன், ஊர்ப் பாட்டி ஒருத்தி "நீ வெட்டின கால்வாய்ல தண்ணி வருது ராசா" என்று சொன்னதற்காக மறுநாளும் மண்வெட்டியைத் தூக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

என் முதல் முகாம் இப்படி நடக்கவில்லை. எட்டு மணிக்கு இங்கே, பத்து மணிக்கு அங்கே என்று எல்லாவற்றையும் நானே முடிவு செய்தேன். கழுத்தில் விசில் தொங்கியது. வேலை கச்சிதமாக நடந்தது. நான்காம் நாள் சாமான் வாங்க நகரத்துக்குப் போய் மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பினேன். மண்வெட்டிகள் கரையில் கிடந்தன. ஒரு கூடை மண்கூட நகரவில்லை. பிள்ளைகள்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபம் என்மேல் வந்திருக்க வேண்டும்.

கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் ஆகியோர் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் நடத்தி 1939இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது அந்த ஏரிக்கரைதான் நினைவுக்கு வந்தது. பத்து வயதுச் சிறுவர்கள், பள்ளி முடிந்த பிறகு கூடும் கைவினைக் குழுக்கள், முகமூடி செய்வது போன்ற வேலைகள். ஒருவகைத் தலைவர் எல்லாவற்றையும் தானே கட்டளையிட்டார். இன்னொரு வகைத் தலைவர் கலந்துபேசிப் பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தார். மூன்றாம் வகைத் தலைவர் 'உங்கள் இஷ்டம்' என்று ஒதுங்கிக்கொண்டார். தலைவர் அறையை விட்டு வெளியேறியதும் கட்டளைக் குழுவில் வேலை சரிந்தது. கலந்துபேசிய குழு ஏறக்குறைய அதே வேகத்தில் தொடர்ந்தது. ஒதுங்கிய தலைவரின் குழுவில் வேலை குறைவாகவும் அரைகுறையாகவும் நடந்தது, சிறுவர்களுக்கே அது பிடிக்கவில்லை.

மூன்றாம் வகையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இளைஞர்களுக்குச் சுதந்திரம் கொடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு பொறுப்பை அவர்கள் தலையில் போட்டுவிட்டு நகர்ந்துவிடும் பெரியவர்கள் பலர் உண்டு. அது ஆதரவு ஆகாது, கைவிடுதல். கட்டடம் கட்டுகிறவர்களைக் கேளுங்கள். கூரைக்குக் கான்கிரீட் போட்டு மறுநாளே சென்டரிங் பிரித்தால் கூரை இறங்கிவிடும். ஆறு மாதம் பிரிக்காமலே வைத்திருந்தால் அந்த வீட்டில் யாரும் குடியேற முடியாது. டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகியோர் 1976இல் எழுதிய கட்டுரைதான் கல்வி உலகத்துக்குச் 'சாரம் கட்டுதல்' என்ற உருவகத்தைத் தந்தது. 3, 4, 5 வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளை அடுக்கிப் பிரமிடு கட்ட, ஆசிரியர் எப்படி உதவினார் என்று பார்த்தார்கள். குழந்தை தடுமாறினால் உதவியைக் கொஞ்சம் கூட்டு, சமாளித்துவிட்டால் உடனே குறைத்துக்கொள் என்பது அதிலிருந்து வுட் பின்னர் வகுத்த நெறி. பதினெட்டு வயதுக்கும் இதே நெறி பொருந்தும் என்பதை என் அனுபவத்தில் கண்டேன்.

இன்னொரு முகாம். சமையல் செலவுக் கணக்கு இரண்டாம் ஆண்டு வணிகவியல் மாணவி ஒருத்தியின் பொறுப்பில் இருந்தது. நான்காம் நாள் இரவு 340 ரூபாய் உதைத்தது. சமையற்கட்டுக்குப் பின்னால் சிலிண்டர்மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எனக்கு இரண்டு சுலபமான வழிகள் இருந்தன. நோட்டை வாங்கி வேறொருவரிடம் கொடுப்பது ஒன்று. என் பையிலிருந்து 340 ரூபாயைப் போட்டு மூடிவிடுவது இன்னொன்று. இரண்டுமே 'உன்னால் முடியாது' என்றுதான் அவளுக்குச் சொல்லியிருக்கும்.

"நாலு நாள் பில்லையும் எடுத்துட்டு வாம்மா, சேர்ந்து பாப்போம்" என்றேன். "உன்னால இதை நேர் பண்ண முடியும்னு தெரிஞ்சுதான் நோட்டை உங்கிட்ட கொடுத்தேன். இப்பவும் அது உங்கிட்டதான் இருக்கப்போகுது."

நான் பில்களை வரிசையாக அடுக்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான். கூட்டியது அவள். அரை மணி நேரத்தில் தலை நிமிர்ந்தாள். "சார், பால்காரருக்கு முன்பணம் கொடுத்தோம். அவர் பில்லே தரல. நான் எழுதவே இல்ல." மறுநாள் காலை நோட்டில் புதிதாக ஒரு கட்டம் கோடு போட்டு, 'பில் இல்லாத செலவு' என்று தலைப்பு எழுதியிருந்தாள். எந்த வணிகவியல் பாடமும் அந்தக் கட்டத்தை அவளுக்குச் சொல்லித் தந்திருக்காது.

தவறைத் திருத்தும்போது எதைச் சேர்த்துச் சொல்கிறோம் என்பதையும் ஆய்ந்திருக்கிறார்கள். யேகர், ஜெஃப்ரி கோஹன் முதலியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஏழாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளை ஆசிரியர்கள் வழக்கம்போல் கண்டிப்பாகத் திருத்தினார்கள். சிலரின் தாளோடு ஒரு சிறு குறிப்பு இணைக்கப்பட்டது: உன்னிடம் நான் எதிர்பார்ப்பது அதிகம், உன்னால் அதை எட்ட முடியும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இவ்வளவு திருத்தங்கள் என்ற பொருளில். பள்ளியின்மேல் நம்பிக்கை இழக்கக் காரணங்கள் நிறைந்த கறுப்பின மாணவர்களிடம் விளைவு பெரிதாக இருந்தது. அந்தக் குறிப்பு இல்லாதவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே கட்டுரையைத் திருத்தி எழுத முன்வந்தார்கள். குறிப்பு பெற்றவர்களில் பத்துக்கு ஏழு பேர் முன்வந்தார்கள். உயர்ந்த எதிர்பார்ப்பும் அதை எட்ட உதவும் கையும் ஒன்றாக வர வேண்டும். நம்மிடம் பெரும்பாலும் எதிர்பார்ப்பு மட்டும் வருகிறது, அதுவும் நாலு பேர் முன்னால்.

எல்லாத் தவறுகளையும் நடக்க விடலாமா? கூடாது. 340 ரூபாய் திரும்ப வரும், உயிர் வராது. 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் சாலை விபத்து என்கிறது உலக சுகாதார நிறுவனம். தண்ணீர், சாலை, மின்சாரம் இந்த மூன்றிலும் என் முகாம்களில் வாக்கெடுப்பு கிடையாது. இப்போதெல்லாம் அதை முதல் நாளே காரணத்தோடு சொல்லிவிடுவேன். முடிவு உங்களுடையது என்று சொல்லியிருந்தபோதும், அன்று பத்துத் தாள்களும் 'குளிக்கப் போகலாம்' என்று வந்திருந்தாலும் ஒருவரையும் தண்ணீரில் இறங்க விட்டிருக்க மாட்டேன். மீள முடியாதவற்றின் பட்டியல் சின்னதாக இருக்க வேண்டும், அதில் தளர்வே கூடாது. மீதியெல்லாம் அவர்களுடையது.

இன்னொன்றை வருத்தத்தோடு எழுதுகிறேன். பல ஆண்டுகள் என் முகாம்களில் சமையலும் கணக்கும் பெண்களிடமே போயின, ஏரி வேலைக்குத் தலைமை ஆண்களிடமே போனது. யாரும் கேள்வி கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பிற்பாடு சீட்டுக் குலுக்கிப் போட்டோம். வரத்துக் கால்வாய்க்கு அந்த ஆண்டு தலைமை தாங்கிய பெண், ஊர் நாட்டாமையிடம் போய் ஆக்கிரமிப்பைப் பற்றிப் பேசிவிட்டு வந்தாள். அந்தத் தைரியம் எனக்கு இருந்ததில்லை.

ராஜர் ஹார்ட் 1992இல் யுனிசெஃப் அமைப்புக்காக எழுதிய நூலில் ஓர் ஏணியை வரைந்தார். பிள்ளைகளும் இளைஞர்களும் பொதுக் காரியங்களில் பங்கேற்பதற்கு எட்டுப் படிகள். கீழே உள்ள மூன்று படிகளைப் பங்கேற்பாகவே அவர் கணக்கில் சேர்க்கவில்லை: பெரியவர்களின் நோக்கத்துக்கு அவர்களைக் கருவியாக்குவது, மேடை அலங்காரமாக நிறுத்துவது, பேருக்கு ஓர் இடம் கொடுப்பது. நம் விழாக்களை நினைத்துப் பாருங்கள். ரோஜாப்பூ கொடுக்க ஒரு பிள்ளை, சந்தனத் தட்டு ஏந்த இருவர், ஆசிரியர் எழுதித் தந்த வரவேற்புரையை மனப்பாடமாக ஒப்பிக்க ஒருவர். வகுப்பில் நாம் தலைமைப் பண்பைக் கற்றுத் தரும் முதல் பதவி 'கிளாஸ் லீடர்'. அவருடைய முக்கிய வேலை, ஆசிரியர் இல்லாதபோது பேசியவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது. ஆறாம் வகுப்பிலேயே தலைமை என்றால் கண்காணிப்பு என்று கற்றுக்கொடுத்துவிடுகிறோம்.

ஹார்ட்டின் ஏணியில் உச்சிப் படி எது தெரியுமா? இளைஞர்கள் தாங்களே தொடங்கித் தாங்களே நடத்துவது ஏழாவது படி. எட்டாவது படி, அவர்கள் தொடங்கிய காரியத்தில் பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டு முடிவெடுப்பது. தனியாக நிற்பதைவிட, யாரைக் கேட்பது என்று தெரிந்து கேட்பதை அவர் உயர்வாக வைத்தார். அதற்கு, கேட்கத் தகுந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சட்டம் இந்தப் பருவத்தைப் படிப்படியாகத்தான் பார்க்கிறது. அரசியலமைப்பின் 61வது திருத்தம் 1989இல் நடைமுறைக்கு வந்ததும் வாக்களிக்கும் வயது 21லிருந்து 18 ஆனது. ஊராட்சியில் போட்டியிட 21 வயது, சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 25. தமிழ்நாட்டில் 2019, 2021 உள்ளாட்சித் தேர்தல்களில் 21 வயதை ஒட்டிய இளம்பெண்கள் ஊராட்சித் தலைவர்களாக வென்று வந்தார்கள். வென்ற மறுநாள் அவர்கள் முன்னால் வந்தது காசோலைப் புத்தகம், தீர்மானப் பதிவேடு, ஒப்பந்தக்காரர்கள், அப்பா, மாமா, கட்சிக்காரர். தலைவரின் நாற்காலியில் அந்தப் பெண்ணுக்குப் பதிலாக உட்கார்ந்துகொள்ளும் உறவினர் அவருக்கு உதவவில்லை. அவருடைய கவாத்துக் காலத்தைத் திருடிக்கொள்கிறார். பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, 'கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இந்தத் தாளை ஒருமுறை படிம்மா, அவசரமில்ல, நாளைக்குப் போடலாம்' என்று சொல்பவர்தான் உதவுகிறார்.

இருபத்தொன்றில் திடீரென்று யாரும் தலைவராக முளைப்பதில்லை. அதற்கு முன்னால் மூன்று ஆண்டுகள் நம் கையில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 18 வயது நிரம்பி ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். அடுத்த கூட்டத்துக்கு உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். வரவு செலவுக் கணக்கை முந்தின நாளே கேட்டு வாங்கி, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவரையே படிக்கச் சொல்லுங்கள். கேட்க நினைக்கும் கேள்வியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளட்டும். மறுநாள் கூட்டத்தில் எழுந்து நின்று அதை அவரே கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.